தாளில் இல்லாத வாக்கு: கடன் பற்றிய வாசகர் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் கடன் கடிதங்கள்தான் கூட. எல்லாவற்றிலும் ஒரே முறைப்பாடு: தாளில் ஒன்று இருக்கிறது, வாயால் சொன்னது வேறு, இப்போது காசு கொடுத்தவர் தாளை மட்டும் நீட்டுகிறார். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பதில் எழுதிவிட முடியாது. வாக்கு எப்போது சொல்லப்பட்டது, எந்த மாதிரித் தாளுக்கு எதிராகச் சொல்லப்பட்டது என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாகும். அதனால் தனித்தனியாகவே போவோம். பெயர்களை விட்டுவிட்டேன், ஊர் மட்டும்.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வாசகி: எங்கள் வீட்டுக்காரர் 2024 பெரும்போகத்துக்காக நெல் வாங்கும் முதலாளி ஒருவரிடம் காசு எடுத்தார். புரோநோட்டில் (கடனைத் தருவேன் என்று கையெழுத்து வைக்கும் தாள்) மூன்றரை லட்சம், மாதம் நூற்றுக்கு நாலு வட்டி, கேட்டவுடன் தர வேண்டும் என்று இருக்கிறது. கைக்கு வந்தது மூன்று லட்சம், மிச்சத்தை முன்வட்டி என்று எடுத்துக்கொண்டார், அது தாளில் இல்லை. கையெழுத்து வைக்கும்போது, "இது சும்மா ஒரு இதுக்குத்தான் தம்பி, வெட்டு முடிய நெல்லக் கொண்டு வந்து போடு, அதில கழிப்பம், வெளையாட்டி அடுத்த போகம் பாப்பம்" என்றார். என் மாமா பக்கத்தில் இருந்து கேட்டார். நவம்பர் வெள்ளத்தில் எங்கள் வட்டை (வயல்வெளி) முழுக்கப் போய்விட்டது. அவரே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "சரி, வட்டி வேணாம், முதல மட்டும் மெல்லக் கட்டு" என்றார். சிறுபோகத்தில் இருபது மூடை கொண்டுபோய்க் கொடுத்தோம். துண்டு தரவில்லை, தன் கொப்பியில் எழுதிக்கொண்டார். இப்போது முழுக் காசையும் வட்டியோடு கேட்டுச் சட்டத்தரணியின் கடிதம் வந்திருக்கிறது. அவர் சொன்ன வாக்கைக் கோட்டில் சொல்லலாமா?

தங்கச்சி, கையெழுத்து வைக்கும்போது சொன்னதையும், வெள்ளத்துக்குப் பிறகு சொன்னதையும் நீங்கள் ஒரே வாக்காக எழுதியிருக்கிறீர்கள். சட்டத்துக்கு அவை இரண்டு வேறு விஷயங்கள்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். கையெழுத்து வைத்த நேரத்தில் சொன்ன வாக்கு அநேகமாக எடுபடாது. இலங்கையின் 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 91, 92 ஆம் பிரிவுகள்தான் காரணம். இரண்டு பேர் தங்கள் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுவிட்டால், அந்த எழுத்துக்கு மாறாகவோ, அதில் கூட்டவோ குறைக்கவோ, வாய்ப் பேச்சைச் சாட்சியாகக் கொண்டுவர முடியாது. சட்டமே ஒரு உதாரணம் சொல்கிறது: ஒருவர் இன்ன திகதியில் ஆயிரம் ரூபாய் தருவதாக நிபந்தனை எதுவும் இல்லாமல் எழுதிக் கொடுக்கிறார், ஆனால் அதே நேரம் மாதக் கடைசி வரை கேட்பதில்லை என்று வாயால் பேசிக்கொண்டார்கள் என்றால், அந்தப் பேச்சை நிரூபிக்க இடமில்லை. கேட்டவுடன் தருவேன் என்று எழுதிவிட்டு வெட்டு முடியத்தான் தருவேன் என்று பேசியதும் அதே கதைதான். உங்கள் மாமா சாட்சிக் கூட்டில் ஏறிச் சத்தியம் செய்தாலும் இந்த இடத்தில் உதவாது. அவர் பொய் சொல்கிறார் என்று யாரும் சொல்லப்போவதில்லை, அந்தப் பேச்சைக் கேட்கவே நீதிமன்றத்துக்கு வழியில்லை, அவ்வளவுதான்.

இது நியாயமா என்று கேட்டால், எழுதத் தெரிந்தவருக்கு நியாயம் என்பேன். இரண்டு தரப்பும் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பேசி எழுதினார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் இந்த விதி நிற்கிறது. நம்முடைய பக்கம் நடப்பது வேறு. அச்சடித்த நோட்டை முதலாளி எடுத்து நீட்டுவார், விதைப்புக்கு நாள் போகிறதே என்ற அவசரத்தில் நம் ஆள் கையெழுத்தை வைத்துவிட்டு டிராக்டரைப் பிடிக்க ஓடுவார். ஆனால் விதி விதிதான், அதில் முட்டி நேரத்தை வீணாக்காதீர்கள்.

"சும்மா ஒரு இதுக்குத்தான்" என்ற சொல்லை வைத்து வாதாடலாம் என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். ஏதாவது ஒன்று நடந்த பிறகுதான் தாளுக்கே உயிர் வரும் என்று பேசியிருந்தால், உதாரணமாகக் காசு கைக்கு வந்த பிறகுதான் நோட்டு செல்லும் என்று சொல்லி இன்னொருவர் கையில் கொடுத்து வைத்திருந்தால், அதைச் சொல்ல 92 ஆம் பிரிவு இடம் விடுகிறது. உங்கள் விஷயத்தில் காசு வந்தது, கடன் அன்றைக்கே தொடங்கிவிட்டது. ஆகவே அந்தக் கதவு உங்களுக்கு இல்லை.

வெள்ளத்துக்குப் பிறகு முற்றத்தில் நின்று சொன்னது வேறு கணக்கு. எழுதிய ஒப்பந்தத்தைப் பின்னால் வாயால் மாற்றிக்கொண்டதை நிரூபிக்க அதே 92 ஆம் பிரிவு அனுமதிக்கிறது, அந்த ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தாமலும் அது பதியப்படாமலும் இருந்தால். சாதாரணக் கடன் ஒப்பந்தத்தை எழுத்தில் போட வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. அதோடு நம் நாட்டு ஒப்பந்தச் சட்டத்தின் அடி ரோமன் டச்சுச் சட்டம், மனதார, யோசித்துக் கொடுத்த வாக்குக்குப் பதிலாக எதுவும் பெறாவிட்டாலும் அது கட்டுப்படுத்தும். ஆங்கிலேயச் சட்டத்தில் அப்படி இல்லை. ஆனால் உங்கள் தாள் புரோநோட்டு. புரோநோட்டு, காசோலை எல்லாம் 1927 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டத்துக்குள் போகின்றன, அது ஆங்கிலேயச் சட்டத்தை அச்சாக வைத்து எழுதியது. நோட்டை வைத்திருப்பவர் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதென்றால் எழுத்தில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நோட்டையே திருப்பிக் கையில் தர வேண்டும். அதனால் "வட்டி வேணாம்" என்ற வாய்ச்சொல் மட்டும் வட்டியை அழித்துவிடாது. ஆனாலும் அது வீண் போகவில்லை, ஏனென்றால் அதற்குப் பிறகுதான் இருபது மூடை போயிருக்கிறது. அந்த நெல் வட்டியில் கழிந்ததா முதலில் கழிந்ததா என்று சண்டை வரும்போது, என்ன பேசிவிட்டு நெல்லை வாங்கினார் என்பது பேசப்படும். உங்கள் மாமாவோ பக்கத்து வீட்டாரோ அன்று முற்றத்தில் இருந்திருந்தால் அந்தச் சாட்சி இங்கேதான் வேண்டும்.

அந்த இருபது மூடையை விடாதீர்கள். கடனைக் கட்டினேன் என்று சொல்வது தாளை மாற்றுவது ஆகாது, தாள் சொன்னதை நிறைவேற்றினேன் என்பதுதான், அதனால் அதை வாயாலும் சாட்சியாலும் நிரூபிக்கத் தடையில்லை. எந்த நாள், யாருடைய டிராக்டர், யார் இறக்கினார், அன்று நெல் என்ன விலை போனது என்பதையெல்லாம் இப்போதே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முதலாளியின் கணக்குக் கொப்பி ஒழுங்காக எழுதி வரும் கொப்பி என்றால் அதுவும் சாட்சியாகும், அதை நீதிமன்றத்தில் கொண்டுவந்து காட்டச் சொல்லி உங்கள் சட்டத்தரணி அறிவித்தல் கொடுக்கலாம். அதற்கு முதல் ஒரு வேலை செய்யுங்கள்: முதலாளியின் போனுக்குச் சண்டை இல்லாமல் ஒரு செய்தி போடுங்கள், "சிறுபோகத்தில் தந்த இருபது மூடைக்கு எவ்வளவு கழித்தீர்கள்" என்று. அவர் தொகையைச் சொன்னால் அதுவே துண்டு.

இனி நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன அந்த ஐம்பதாயிரம். உங்கள் கடிதத்தில் பெரிய விஷயம் அதுதான், வாக்கு அல்ல. 1918 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவைப் பாருங்கள். காசுக் கடனுக்குப் பிணையாகப் புரோநோட்டு வாங்கினால், உண்மையில் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டியே வட்டியாகவோ செலவாகவோ கழித்தது எவ்வளவு, வட்டி வீதம் என்ன, இவை மூன்றும் நோட்டிலேயே தெரிய வேண்டும். இல்லாத நோட்டை வைத்து அறவிட முடியாது. கவனக் குறைவால் விடுபட்டது, ஏமாற்ற நினைக்கவில்லை என்று கொடுத்தவர் நீதிமன்றத்தைத் திருப்திப்படுத்தினால் நிவாரணம் கிடைக்கலாம். அதை அவர்தான் காட்ட வேண்டும். 13 ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது, பொய்யான தொகை என்று தெரிந்துகொண்டே நோட்டு வாங்குவதும், தொகையை வெறுமையாக விட்டு வாங்குவதும் குற்றம். தாளில் மூன்றரை, கையில் மூன்று என்று சொல்ல வாய்ச்சாட்சி எடுபடுமா என்று கேட்பீர்கள். எடுபடும். மோசடி, சட்டவிரோதம், தருவதாகச் சொன்னதைத் தராமல் விட்டது, இவற்றையெல்லாம் சொல்ல 92 ஆம் பிரிவே முதல் விதிவிலக்கில் வழி விட்டிருக்கிறது. உங்கள் மாமா காசை எண்ணும்போதும் இருந்தாரா? அதைக் கேட்டு வையுங்கள்.

வட்டியும் கிடக்கிறது. மாதம் நாலு என்றால் வருடத்துக்கு நாற்பத்தெட்டு. அதே 1918 சட்டம், வட்டி அளவுக்கு மீறியது, கொடுமையானது என்று கண்டால் கணக்கை மறுபடி திறந்து நியாயமான தொகையை வைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுக்கிறது. தனி ஆட்கள் கொடுத்த கடனில் வட்டி முதலை மிஞ்சி அறவிட முடியாது என்பது 1852 இலிருந்தே இருக்கிற விதி.

சட்டத்தரணியின் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்காதீர்கள். "வாங்க, பேசித் தீர்ப்பம்" என்று கூப்பிட்டுப் புது நோட்டு ஒன்றில் கையெழுத்துக் கேட்பார்கள், வைக்காதீர்கள், பழைய நோட்டின் ஓட்டை எல்லாம் அந்தப் புது நோட்டில் அடைபட்டுவிடும். வழக்குப் போட்டால் அநேகமாகச் சுருக்க முறையில்தான் போடுவார்கள், அதில் அழைப்பாணை வந்த பிறகு நீங்கள் சும்மா போய் நின்று பேச முடியாது, சத்தியக் கடதாசி போட்டு எதிர்த்து வாதாட அனுமதி கேட்க வேண்டும், அதற்கு இருப்பதோ சொற்ப நாள். அழைப்பாணை கிடைத்த அன்றே சட்டத்தரணியிடம் போங்கள். காசு இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு மட்டக்களப்பிலும் இருக்கிறது, கல்முனையிலும் இருக்கிறது. தொகை வரம்புக்குள் வந்தால் வழக்குக்கு முதல் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டி வரும். அதை ஒரு தொல்லை என்று நினைக்காதீர்கள். அங்கே 92 ஆம் பிரிவு இல்லை, சட்டத்தரணியும் இல்லை, முதலாளி முற்றத்தில் சொன்னதை அவர் முகத்துக்கு நேரே சொல்லலாம், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் போகத்துக்குப் போகம் கட்டுவதாக எழுதி வாங்கலாம்.

அக்கரைப்பற்று வாசகர்: கூட்டாளி ஒருவர் கடை போடக் கடன் எடுத்தபோது "பேருக்கு மட்டும் ஒரு கையெழுத்து, உங்களத் தேடி யாரும் வரமாட்டாங்க" என்று சொல்லி என்னைப் பிணை வைத்தார்கள். அவர் கட்டாருக்குப் போய்விட்டார். அவருடைய அண்ணன் "நான் பாத்துக்குவன்" என்கிறார். கடன் கொடுத்தவர் என்னிடம் கேட்கிறார்.

கையெழுத்து இருந்தால் பிணையும் இருக்கிறது காக்கா, "பேருக்கு" என்பது தாளுக்கு நேர் எதிரான பேச்சு, நுழையாது. இதன் மறுபக்கமும் உண்டு. இன்னொருவரின் கடனுக்கு நான் பொறுப்பு என்று வாயால் மட்டும் சொன்னவரை எந்தக் கோட்டும் பிடிக்காது, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு பிணைக்கு எழுத்தும் கையெழுத்தும் கேட்கிறது. உங்கள் கூட்டாளியின் அண்ணன் "நான் பாத்துக்குவன்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதை நம்பி இருக்க வேண்டாம்.

உங்களுக்கு இரண்டு இடத்தில் பார்க்க இருக்கிறது. ரோமன் டச்சுச் சட்டப்படி பிணையாளி, முதலில் கடன்காரரிடம் போ, அவருடைய சொத்தைப் பார், பிறகு என்னிடம் வா என்று கேட்கலாம், ஆனால் அச்சடித்த பிணைத் தாள்களில் அந்த உரிமையைக் கைவிடுகிறேன் என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். மற்றது, நீங்கள் கையெழுத்து வைத்த பிறகு உங்களைக் கேட்காமல் அவர்கள் இருவரும் கடனைக் கூட்டினார்களா, தவணையை மாற்றினார்களா? அப்படி இருந்தால் பிணை விடுபட இடமுண்டு.

களுவாஞ்சிக்குடி வாசகர்: அம்மாவின் சத்திரசிகிச்சைக்குப் பத்து லட்சம் தேவைப்பட்டது. கொடுத்தவர், ஈடு (அடமானம்) எழுதினால் செலவு கூட, அறுதியாகவே (முழு விற்பனையாகவே) எழுதித் தா, காசைத் தந்த அன்றைக்குத் திருப்பி எழுதித் தாறேன் என்றார். காணி உறுதி எழுதிய நொத்தாரிசும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். வீடு வளவு, அன்றைய விலைக்கே ஐம்பது லட்சம் பெறும். நொத்தாரிசுக் காசும் முத்திரைக் காசும் நாங்கள்தான் கட்டினோம். மாதா மாதம் வட்டி கொடுத்து வந்தோம். இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். இப்போது காசைக் கொண்டுபோனால் வாங்க மாட்டேன் என்கிறார், காணி என்னுடையது, எழும்புங்கள் என்கிறார்.

தம்பி, இந்தக் கதையை மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கேட்காத ஊர் இல்லை. கடனுக்கு அறுதி உறுதி வாங்குகிறவர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் ஈடு எழுதச் செலவு கூட என்ற காரணத்தை மட்டும் நம்பாதீர்கள். ஈட்டில் வழக்குப் போட்டு விற்றுத்தான் காசு எடுக்க வேண்டும், அறுதியில் அந்த வேலையே இல்லை.

"திருப்பி எழுதித் தருவேன் என்றார்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் தோற்பீர்கள். காணியைக் கைமாற்றுவது, கைமாற்றுவதாக வாக்குக் கொடுப்பது, எல்லாம் நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் முன்னால் இருந்து எழுத வேண்டும் என்று அதே 1840 சட்டத்தின் 2 ஆம் பிரிவு சொல்கிறது. நொத்தாரிசு காதால் கேட்டது போதாது, அவர் எழுத வேண்டும்.

அதனால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். அவர் என்ன வாக்குக் கொடுத்தார் என்பதை விடுங்கள், அந்த உறுதியை எழுதியபோது உங்கள் குடும்பம் காணியை உண்மையில் விட்டுக்கொடுக்க நினைத்ததா என்று கேளுங்கள். 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83 ஆம் பிரிவு இதற்குத்தான் இருக்கிறது. சொந்தக்காரர் ஒரு காணியை எழுதிக் கொடுத்தாலும், சுற்றியிருந்த நிலைமையைப் பார்த்தால் அதன் பயனை விட்டுக்கொடுக்க அவர் எண்ணவில்லை என்று தெரிந்தால், எழுதி வாங்கியவர் அதை அவருக்காகத்தான் வைத்திருக்கிறார். இந்தச் சுற்றுநிலையைக் காட்ட வாய்ச்சாட்சியை நீதிமன்றங்கள் ஏற்று வந்திருக்கின்றன, எழுத்து வேண்டும் என்ற விதியைத் தூக்கிப் பிடித்தே ஒருவர் மோசடி செய்வதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதால். நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் இங்கே கணக்கு: ஐம்பது பெறும் வளவு பத்துக்கு ஏன் போகிறது, விற்றவர் ஏன் முத்திரைக் காசு கட்டுகிறார், விற்றவர் ஏன் அதே வீட்டில் இருக்கிறார், வாங்கியவருக்கு மாதா மாதம் காசு ஏன் போகிறது. சோலைவரி (வீட்டுவரி) யார் பெயரில் கட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை, பற்றுச்சீட்டைத் தேடுங்கள். வட்டியை வங்கியில் போட்டிருந்தால் அந்தத் துண்டுகள் தங்கம்.

இவ்வளவும் இருந்தால் வெற்றி உறுதி என்று நினைக்காதீர்கள். உயர் நீதிமன்றம் வரை போன இப்படியான வழக்குகள் இரண்டு பக்கமும் தீர்ந்திருக்கின்றன. உண்மையில் விற்பனைதான், பிறகு திருப்பி வாங்கலாம் என்று மட்டும் பேசினார்கள் என்று நீதிபதி கண்டால் 83 ஆம் பிரிவு உதவாது.

இன்னொரு வழி கடன் இணக்கச் சபை, 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. உறுதியில் விற்பனை என்று இருந்தாலும் உள்ளே ஈடுதானா என்று விசாரிக்க அதற்கு வழியுண்டு. உங்களுடையது மீட்கும் தவணை எழுதாத அறுதி. இதைப் படிக்கிற யாராவது இத்தனை வருடத்துக்குள் மீட்கலாம் என்று எழுதிய நிபந்தனை உறுதி வைத்திருந்தால், அந்தத் தவணை முடிவதற்கு முதல் சபைக்கு விண்ணப்பம் போக வேண்டும், முடிந்த பிறகு போனால் எடுக்க மாட்டார்கள்.

இப்போது செய்ய வேண்டியது மூன்றே. வீட்டை விட்டு எழும்பாதீர்கள். "சரி, இருங்க, ஆனா ஒரு வாடகைத் தாள்ல கையெழுத்து வைங்க" என்று வருவார்கள், அதில் கையெழுத்து வைத்தால் நீங்களே அவரைச் சொந்தக்காரர் என்று ஒத்துக்கொண்ட மாதிரி, பிறகு 83 ஆம் பிரிவைப் பேச வாய் இருக்காது, இந்த ஒரு தாளால் கை நழுவிப் போன வளவுகள் நிறைய. மற்றது, மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு வைத்த உடனே, வழக்கு நடக்கிறது என்பதைக் காணிப் பதிவகத்தில் பதியச் சொல்லுங்கள். அவர் ஒன்றும் அறியாத ஒருவருக்கு விற்றுவிட்டால் சண்டை வேறு ஆளோடு, அதுவும் கஷ்டமான சண்டை.

வாழைச்சேனை வாசகர்: மூச்சக்கர வண்டிக்கு லீசிங் போட்டேன். இரண்டு தவணை பிந்தினாலும் வண்டியைத் தூக்க மாட்டோம் என்று ஏஜன்ட் வொய்ஸ் மெசேஜில் சொன்னது போனில் இருக்கிறது. இது செல்லுமா?

பதிவு இருந்தால் வென்றுவிட்டோம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்துக்குப் பிறகு போன் செய்தியைச் சாட்சியாக வைக்கலாம், சரி. ஆனால் பதிவு நிரூபிப்பது அவர் அப்படிச் சொன்னார் என்பதை. சொன்னது ஒப்பந்தத்தை மாற்றுமா என்பது வேறு கேள்வி. கையெழுத்துக்கு முதல் அனுப்பியது என்றால் முதலாவது பதிலில் சொன்ன தடை அப்படியே வரும், குரலில் இருந்தாலும் அது வாய்ப்பேச்சுத்தான். கையெழுத்துக்குப் பிறகு, தவணை பிந்திய நேரத்தில் அனுப்பியது என்றால் பலம் கூட, ஆனால் அப்போதும் கம்பனிக்காக அப்படி வாக்குக் கொடுக்க ஏஜன்டுக்கு அதிகாரம் இருந்ததா என்று கேட்பார்கள், ஒப்பந்தத்திலும் எழுத்தில் தராத மாற்றம் செல்லாது என்று ஒரு வரி கிடக்கும். கம்பனிக் கிளைக்கே எழுதிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அந்த மெசேஜை அழிக்காமல், திகதி தெரிய வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள்.

சம்மாந்துறை வாசகி: கடனுக்குப் பிணையாகத் தொகை எழுதாத காசோலை கொடுத்தேன். வங்கியில் போட மாட்டேன் என்று சத்தியம் செய்தார்.

தங்கச்சி, அதை இன்றைக்கே திருப்பி வாங்கப் பாருங்கள். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டு காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவுப்படி குற்றம், பொலிசுக்குப் போகும் விஷயம். அதனால்தான் கடன் கொடுக்கிறவர்களுக்குக் காசோலை மேல் இவ்வளவு ஆசை. தர மறுத்தால், இன்ன இலக்கக் காசோலை பிணைக்காக மட்டும், தொகை எழுதாமல், இவ்வளவு கடனுக்காகக் கொடுத்தது என்று அவருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். காசோலை வங்கிக்குப் போவதற்கு முதல் அந்தக் கடிதம் போயிருக்க வேண்டும்.

திருக்கோவில் பெரியவர் ஒருவர்: போடியார்மார் (பெரிய வயற்காரர்) காலத்தில் தாளும் இல்லை, கோட்டும் இல்லை, வாக்குத்தான். இத்தனை மூடை என்று பேசினால் அத்தனை மூடை வந்து சேரும். இப்போது நீங்கள் வாக்குக்கு மதிப்பில்லை என்று எழுதுகிறீர்கள். நான் என் மச்சானுக்கு எழுத்தில்லாமல் கொடுத்த காசும் போனதா?

ஐயா, எழுத்தே இல்லாத கடனில் வாக்குக்கு முழு மதிப்பு உண்டு. 91 ஆம், 92 ஆம் பிரிவுகள் தாள் இருக்கும் இடத்தில்தான் வாயைக் கட்டுகின்றன. தாள் இல்லாவிட்டால் யாரும் சாட்சி சொல்லலாம், எதையும் சொல்லலாம். ஊர் வழக்கத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தாளில் இத்தனை மூடை நெல் என்று மட்டும் எழுதி, மூடை எத்தனை கிலோ, ஈரநெல்லா காய்ந்த நெல்லா என்று எழுதாவிட்டால், அந்த வட்டையில் என்ன வழக்கம் என்று கேட்டுத் தீர்க்கலாம், தாளில் எழுதியதற்கு நேர் எதிராகப் போகாத வரைக்கும். போடியார்மாரின் வயலில் வேலை செய்த முல்லைக்காரரைக் கேட்டால் அந்த வாக்கைப் பற்றி வேறு மாதிரியும் சொல்வார்கள், அது இருக்கட்டும்.

எழுத்தில்லாத கடனுக்கு எதிரி காலம்தான். எழுதிய கடனுக்கு ஆறு வருடம், எழுதாமல் கொடுத்த காசுக்கு மூன்றே வருடம், 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி. இடையில் மச்சான் ஒரு ஐயாயிரம் கட்டியிருந்தாலும், கடன் இருக்கிறது என்று ஒரு கடிதத்தில் எழுதி ஒத்துக்கொண்டிருந்தாலும் அந்த நாளிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். காசு எந்த வருடம் கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது ஏதாவது தந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அதை எழுதி அனுப்புங்கள், மூன்று வருடத்துக்குக் கிட்ட வந்திருந்தால் அடுத்த இதழைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் நேரே கல்முனையில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.